முதுகுச் சுவர்

காற்றை மட்டுமே செல்வமாக வைத்து வாழ்ந்த ஒரு நாடு இருந்தது. வளிநாடு என்று பெயர். தேனடையின் கண்களைப் போல நெருங்கி நெருங்கி வட்ட வீடுகள். காற்று ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, குடியிருப்பவர்களை எழுப்பி, வேலைக்கு அனுப்பிவிட்டு வெளியேறும். அந்த நாட்டின் மேலத்தெருவில் இருளாண்டி என்றொரு காவலன் இருந்தான். மனைவி பெயர் குருவம்மா.

வளிநாட்டில் சிறைச்சாலை கிடையாது. திருடனைப் பிடித்த காவலன் தன் வீட்டு உள்ளறையிலேயே அடைத்து, அங்கிருக்கும் உலையில் போட்டு முடித்துவிட வேண்டும். பிறகு வாசலில் முரசடித்து மற்றக் காவலர்களை உஷார்ப்படுத்த வேண்டும். பல தலைமுறையாக இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்துவந்தது.

ஒரு பனிக்காலத்தில் காற்றோடு காற்றாக மெழுகுத் திருடர்கள் வந்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்ல முடியாது. எல்லா ஊரிலும் இருந்தார்கள். உடம்பெல்லாம் கெட்டி மெழுகு பூசியிருந்ததால் உலை அவர்களைச் சுடவில்லை. இருளாண்டி பிடித்து அடைத்தவன் உலை அணைந்த பிறகும் உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

காவலர்களுக்கு அரசு கொடுக்கும் நெய்யும் அதே உள்ளறையில்தான் உறைந்த கட்டிகளாக அடுக்கியிருக்கும். திருடனின் இடுப்பில் மெல்லிய கத்திகள் இருந்தன. ஆளைக் குத்த உதவாத கத்திகள். நெய்யை அறுப்பதற்கென்றே செய்தவை. அவன் கட்டிகளைச் சீவிச் சீவித் தின்றான். சீவச் சீவ ஒரு வாசனை எழுந்து வீட்டை நிறைத்தது. அதை முகர்ந்த இருளாண்டிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. முரசைத் தொட மனம் வரவில்லை.

குருவம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, ஒருத்தனத்தான அடைச்சீங்க? உள்ள நாலு பேரு இருக்கான். நம்ம நெய்யத் தின்னு நம்ம வீட்டுக்குள்ளயே பெருகுறானுவ.”

அவனைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள். வெளிக்காற்று பட்டதும் இருளாண்டிக்குப் புத்தி தெளிந்தது, வெட்கமாகவும் இருந்தது. முரசை எடுத்துக் கை வலிக்க அடித்தான். ஒருவரும் வரவில்லை. மற்ற வீடுகளிலும் அதே வாசனை சுழன்றுகொண்டிருந்தது.

அரண்மனைக்குப் போனான். மகாமந்திரி சிகாமணிப் பண்டிதர் பொறுமையாகக் கேட்டார்.

“காவலா, முரசு ஒலித்தால் திருட்டு, ஒலிக்காவிட்டால் அமைதி. நாடு முழுதும் ஒலிக்காத முரசு உன் வீட்டில் மட்டும் ஏன் ஒலிக்கிறது? யோசித்துப் பார்.”

மறுநாளே சட்டம் வந்தது. முரசு ஒலிக்காத தெருக்களுக்கு ‘அமைதித் தெரு’ என்று பட்டம். முரசடித்த இருளாண்டியிடமிருந்து முரசு பறிக்கப்பட்டது. அவனுடைய நெய்யும் பாதியாகக் குறைக்கப்பட்டது. மற்றக் காவலர்கள் சோர்ந்து தெரிகிறார்கள் என்று கேள்விப்பட்ட மன்னர் மனமிரங்கி, அவர்களுக்கு நெய்யை இரட்டிப்பாக்கினார். உண்பவர் யார் என்று அவர் கேட்கவில்லை. உள்ளறையில் திருடர்கள் தின்னத் தின்ன, காவலர்கள் சோப்பு நுரையைப் போல ஊதிப் பருத்தார்கள். சொந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாதபடி ஆனார்கள். திருடர்கள் கொல்லைப்புறமாக அடுத்த வீட்டுக்குப் போய்வந்தார்கள்.

ராஜவீதியில் ஒரு திருடன் தென்பட்ட பிறகுதான் சபை கூடியது. மேலத்தெருவைச் சுற்றிச் சுவர் எழுப்புவதென்று முடிவானது. வளிநாட்டில் கல் கிடையாது. அதனால் இன்னும் நடமாட முடிந்த காவலர்களைக் கைகோக்கவைத்து, நெருக்கி, வரிசைக்குப் பின் வரிசையாக நிற்கவைத்தார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். காவலர்கள் வெளிப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். திரும்பிப் பார்ப்பது ராஜதுரோகம். நெய் குறைந்து மெலிந்திருந்த இருளாண்டி சுவருக்குத் தேர்வானான். அவனை உள்வரிசையில், அவன் வீட்டுக்கு நேராகவே நிறுத்தினார்கள். குருவம்மா அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தாள்.

முதலில் அவள் அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நடப்பதையும் சொன்னாள். ஊதிப் பருத்த காவலர்கள் ஒவ்வொருவராக வெடித்துச் சாகிறார்களாம். தெருவெல்லாம் நெய்யாம். திருடர்கள் அதில் படுத்துத் தூங்குகிறார்களாம். வீட்டுச் சுவர்கள் திரிந்த பாலைப் போல வெளுத்துக் குழைகின்றனவாம். ஒருநாள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“ஒரு சாண் விலகி நில்லுங்க. கொஞ்சம் காத்து வரட்டும்.”

“விலகினா அவனுவளும் வெளிய வந்துருவானுவ குருவம்மா.”

அவள் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“அதுவும் சரிதான்,” என்றாள். “அப்ப நில்லுங்க.”

பிறகு அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அந்தச் சூடு சில காலம் இருந்தது. ஒரு விடியலில் அது இல்லை. இருளாண்டி வெளிப்பக்கம் பார்த்தபடியே அழுதான். பக்கத்தில் நின்றவனும் அழுதான். அவன் எதற்கென்று இவன் கேட்கவில்லை.

இதற்கிடையே மகாமந்திரி பதவிக்குத் தேர்தல் நடந்தது. சுவருக்குள் இருந்தவர்களின் வாக்குகள் மகாமந்திரியின் கணக்கில் சேர்க்கப்பட்டன. அவர்கள் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. திருடர்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் மெழுகுத் திருட்டு அடியோடு ஒழிந்தது என்று அறிவித்து, வெற்றித் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். ஊர்வலத்துக்கு ஆள் வேண்டுமென்று சுவரிலிருந்து பாதிப் பேரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மீதிப் பேரின் சோறு விருந்துக்குப் போனது.

மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுவர் ஓரிடத்தில் சரிந்தது. இருளாண்டி திரும்பிப் பார்த்தான். தெரு இல்லை. வீடு இல்லை. வெள்ளைக் குழைவாக ஒரு பள்ளம். காற்று உள்ளே பாய்ந்ததும் தூங்கிக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். அவன் பக்கத்திலிருந்தவனின் கையை எட்டிப் பிடித்து இடைவெளியை அடைக்கப் பார்த்தான். கைகள் போதவில்லை. காற்று ராஜவீதியை அதிரவைத்துக்கொண்டு கோட்டைவாசல் வழியாக வெளியேறியது. திருடர்களும் அதோடு போனார்கள்.

அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று இருளாண்டி பக்கத்து வாடைநாட்டுக்கு ஓடினான். அந்நாட்டு மந்திரி அவனை நாற்காலியில் உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். குருவம்மாவைப் பற்றிச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஆளுக்கு எவ்வளவு நெய், சுவர் எத்தனை வரிசை என்று விசாரித்தார்.

“நெய்யக் கொடுக்காதீங்கய்யா. முரசடிக்கிறவன அடக்காதீங்க. இத சொல்லத்தான் வந்தேன்.”

“மிகவும் பயனுள்ள செய்தி,” என்றார் மந்திரி. “சுவரைத் தாமதமாக எழுப்பியதே உங்கள் பிழை. இங்கே அந்தப் பிழை நேராது.”

அவனை ஒரு சத்திரத்தில் தங்கவைத்தார்கள். காலையில் அவன் வாசலுக்கு வந்தபோது தெருவின் இரண்டு முனையிலும் காவலர்கள் கைகோத்து நின்றார்கள். சத்திரக்காரி மங்கத்தாயி குடத்தை இடுப்பில் வைத்தபடி விழித்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே இது? தண்ணிக்குப் போகணும்னா ஒருத்தரும் திரும்பக்கூட மாட்டேங்கிறாக.”

இருளாண்டி அந்த முதுகுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பதில் சொல்ல வாயெடுத்தான். இருமல் வந்தது. அதில் அந்தப் பழைய நெய் வாசனை இருந்தது.