மகள் ஷரோன் விமானம் ஓட்டவில்லை என்பது பற்றி

ரொம்மன், ஒஸ்லோ
மார்ச் 2004

மதிப்புக்குரிய ஆசிரியர் சச்சிதானந்தன் அவர்கட்கு,

ரொம்மனிலிருந்து கிளெமென்ற் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நானும் மனைவி எமிலியும் சுகம். மகள் ஷரோனுக்கு இடது முழங்கையில் இன்னும் கொஞ்சம் நோ, மற்றப்படி அவளும் சுகம். உங்கள் வீட்டாரும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுகிறோம்.

சென்ற மாதம் உங்கள் பத்திரிகையில் ‘விமானப் போட்டியில் தமிழ் மாணவிக்கு நோர்வேயில் மூன்றாமிடம்’ என்று ஷரோனின் படத்தைப் போட்டிருந்தீர்கள். படம் சரி, மற்றதெல்லாம் பிழை. காலில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு சரிவில் விரைந்து வந்து, பனியால் கட்டிய மேட்டில் ஏறி, அங்கிருந்து மாடிவீட்டு உயரத்துக்கு எறியப்பட்டு, அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்து, மறுபடி காலில் வந்து இறங்குகிற போட்டி அது. ஏரியல்ஸ் என்பார்கள். நீங்கள் அதை விமானம் ஆக்கிவிட்டீர்கள். அன்றிலிருந்து எங்கள் தொலைபேசிக்கு ஓய்வில்லை. இப்போது நாட்டில் சண்டை ஓய்ந்த சமாதான காலமாகையால் எல்லோருக்கும் ஊருக்குப் போகிற அவசரம். இங்கே பக்கத்தில் அம்மருட்டில் இருக்கும் இராசமணி அக்கா, தன் பெட்டியில் பத்துக் கிலோ கூடினால் பிள்ளை பார்த்துக்கொள்வாளா என்று கேட்டார். அவள் பள்ளிக்கூடம் போகிறவள், விமானம் ஓட்டுவதில்லை என்றேன். “அவசரமில்லைத் தம்பி, ஆறுதலாப் படிக்கட்டும், நான் ஓகஸ்ட்டிலைதான் போறன்” என்றார்.

மூன்றாமிடம் என்பதையும் விளக்க வேண்டும். பெண்கள் பிரிவில் அன்று பாய்ந்தவர்களே மூன்று பேர்தான். மற்ற இரண்டு பிள்ளைகளும் நடக்கப் பழகுமுன்பே ஸ்கீ பழகியவர்கள். பிள்ளை போட்டியிட்டால் பெற்றோர் டுக்னாட் செய்ய வேண்டும், அதாவது நம்முடைய சிரமதானம். என்னிடம் மண்வெட்டியைத் தந்து, பிள்ளைகள் வந்து இறங்கும் சரிவை ஒரே சீராகக் கொத்தி இளக்கச் சொன்னார்கள். நான் தகப்பன், எனக்கு என்ன சீர்? ஷரோன் எங்கே விழுவாள் என்று மனத்துக்குள் பார்த்து, அந்த இடத்தை மட்டும் பஞ்சு மெத்தைபோல ஆழமாகக் கொத்திக்கொண்டே இருந்தேன். பயிற்றுநர் வந்து பார்த்துவிட்டு, இதற்குள் யாரைப் புதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பிறகு குழியை நானே மூட வேண்டியதாயிற்று.

முதற் பாய்ச்சலில் ஷரோன் மேலே எழும்பியதும் எமிலி “மாதாவே” என்று கத்திவிட்டார். பக்கத்தில் நின்ற நோர்வேக்காரர் அதுதான் பிள்ளையின் பெயர் என்று நினைத்து, கொடியை ஆட்டி “மாதாவே, மாதாவே” என்று சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் முதுகால் வந்து விழுந்தாள். ஒரு ஸ்கீ கழன்று தனியாகப் போயிற்று. நான் கோயிலுக்குப் போடும் சப்பாத்தோடு ஓடி, சறுக்கி, மல்லாக்க விழுந்து, அவளுடைய காலடியில் போய்த்தான் நின்றேன். நான் போய்ச் சேருமுன் அவள் எழும்பிவிட்டாள்.

“அப்பா, எழும்புங்கோ. நான் இன்னொருக்காப் பாயவேணும்.”

“காணும் பிள்ளை. வா, வீட்டை போவம்.”

“இப்ப வந்தனெண்டா இனி ஒருநாளும் மேலை ஏறமாட்டன்.”

அவளுடைய சொண்டு நடுங்கியது. குளிர் என்று சொல்லியிருக்கலாம், அவள் சொல்லவில்லை. நான் கழன்ற ஸ்கீயை எடுத்துவந்து கொடுத்தேன். இரண்டாம் முறை போனாள், எழும்பினாள், ஒரு முழுக் கரணம், இரண்டு காலிலும் வந்து இறங்கினாள். சனமெல்லாம் மாதாவைக் கூப்பிட்டது. மற்ற இருவரும் இரண்டு தடவையும் விழாமல் இறங்கியபடியால் இவள் மூன்றாவது.

அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே நானும் எமிலியும் தீர்மானித்துவிட்டோம். இது போதும். எங்கள் நெஞ்சு இதைத் தாங்காது. ஆகவே அது விமானமல்ல என்பதையும், மூன்று பேரில் மூன்றாவது என்பதையும், செல்வி ஷரோன் இத்துடன் பாய்வதை நிறுத்திவிட்டாள் என்பதையும் தகப்பனின் அறிவித்தலாக, முன்பக்கத்திலேயே போடும்படி தாழ்மையுடன் கேட்கிறேன்.

உங்கள் பத்திரிகை பிழையில்லாமல் நெடுங்காலம் வெளிவர ஆண்டவர் துணை நிற்பாராக. உங்கள் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ம. கிளெமென்ற்

பி.கு.: தபாலில் போடுமுன் எமிலிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, தான் பயிற்றுநரோடு கதைத்துப் பிள்ளையைக் கோடைப் பயிற்சிக்குச் சேர்த்து ஒரு கிழமையாகிறது என்றார். அங்கே தண்ணீருக்குள் பாய்ந்து இரட்டைக் கரணம் பழக்குவார்களாம். ஆகவே இந்தக் கடிதத்தில் எதையும் போட வேண்டாம். ஷரோன் என்னிடமும் வந்து கேட்டாள். கேட்காமலே போயிருக்கலாம், தாய் சம்மதித்தாயிற்று. ஆனாலும் கதவடியில் நின்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.