நடுவில் ஆளில்லாமல் ஒரு கப்பல் பயணம்

திருவாளர் மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும் குடும்பத்தாரும் நலமா என்று அறிய உங்கள் அக்கா ஆசைப்படுகிறாள். நான் அதை எழுதித் தருகிறேன், அவ்வளவுதான். நமக்குள் எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் என் மண்டை வெடித்துவிடும். நாங்கள் கப்பலில் போய்வந்தோம். ஐந்து நாள். நேரடியாகப் பதிவு செய்துகொண்டு, நடுவில் எந்த ஏஜென்டும் இல்லாமல். பயண ஏஜென்சி நடத்தும் உங்களுக்கு இது சற்று வருத்தமாக இருக்கலாம். இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருடம் எடை அளவை ஆய்வாளராக இருந்தவன் நான். கடைக்காரர் இருமுகிற இருமலை வைத்தே எந்த எடைக்கல்லைக் குடைந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்று ஆபீசில் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்றதும், சொந்த மைத்துனராயிற்றே என்று நம்பி, மலைமேல் நான்கு நாள் தங்க உங்களிடம் ஏற்பாடு செய்யச் சொன்னேன். போய் இறங்கினால் ஓட்டலுக்குப் படிக்கட்டு இருந்தது, மாடி இல்லை. நூற்று நான்காம் அறையில் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு கொத்தனார் படுத்திருந்தார். "எழுந்திருங்க, இது எங்க ரூம்" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "ரூம் உங்களோடதுதாங்க, யாரு இல்லைன்னா? கதவுதான் அடுத்த மாசம் வருது" என்றார். திரும்பி வந்து உங்களைக் கேட்டபோது நீங்கள் தேதியைப் பற்றி ஏதோ சாக்குச் சொன்னீர்கள். நீங்கள் தேதி போட்டுக் கொடுத்த பதிவுச் சீட்டு தொலைந்துபோனதால் அந்தப் பேச்சை இப்போது எடுக்க விரும்பவில்லை. இனி எந்த இடைத்தரகன் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று உங்கள் கடை வாசலில் நின்று சொன்னேன். "நேரா புக் பண்ணிப் பாருங்க மச்சான், அப்பத் தெரியும் எங்க அருமை" என்று நீங்கள் சொன்னீர்கள். அன்றோடு சரி. உங்கள் அக்காதான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று, ஒரு கண்ணில் என்னையும் இன்னொரு கண்ணில் உங்களையும் வைத்துக்கொண்டு அழுதாள்.

இந்த வருடம் அவளுக்கு அறுபது. என்ன வேண்டும் என்று கேட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எதையும் கேட்காதவள், "ஒரே ஒரு தடவை கப்பல்ல போகணும்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா..." என்று இழுத்தாள். சொல்ல வேண்டியதில்லை, நானே நேரடியாகப் பதிவு செய்கிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பிறந்த வருடத்தைக் கேட்டது. இந்த வருடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டுமாம். தள்ளித் தள்ளி விரல் மரத்துப்போய் எங்கேயோ நின்றுவிட்டது. எனக்கு வயது பதினொன்று, பெரியவர் துணையில்லாமல் கப்பலில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டது. திருத்தப் போனேன். நான் மனிதன்தானா என்று சந்தேகப்பட்டு, போக்குவரத்து விளக்கு உள்ள படங்களை எல்லாம் பொறுக்கச் சொன்னது. பொறுக்கினேன். விளக்கு சரி, விளக்குக் கம்பம் சேர்த்தியா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. ஓர் உதவிப் பெட்டி திறந்தது. என் குறைகளை இரண்டு பக்கத்துக்கு அடித்து அனுப்பினேன். "மன்னிக்கவும், புரியவில்லை. கப்பல் பற்றிக் கேட்க விரும்புகிறீர்களா?" என்றது. பிறகு என்ன, கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். ஐம்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பாட்டு நன்றாக இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

நாலு நாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு உங்கள் அக்கா ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். கப்பல் கம்பெனியின் நேரடி நம்பராம். எல்லாருக்கும் தர மாட்டார்களாம். அவளுடைய தையல்காரம்மாவின் நாத்தனார் கொடுத்தாளாம். அடித்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். "கப்பல் நேரடிப் பதிவுங்க, சொல்லுங்க சார்" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். என்ன ஒரு பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா உங்களுக்கு? நான் பெயர் சொல்லி முடிப்பதற்குள் பிறந்த தேதியை அவளே சொன்னாள். இன்ஜின் பக்கத்து அறை கொஞ்சம் மலிவு, அது வேண்டுமா என்று கேட்பாள் என நினைத்தேன். "இன்ஜின் பக்கம் வேண்டாம் சார், அத்தைக்குச் சத்தம்னா தலைவலி வந்துரும்" என்றாள். அத்தை என்றாள், கவனியுங்கள். வயதான வாடிக்கையாளர்களை உறவுமுறை வைத்துக் கூப்பிடும்படி கம்பெனியில் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. இரண்டாவது தடவை பேசும்போது என்னையும் மாமா என்றாள், உடனே இருமிவிட்டு சார் என்றாள். எனக்கு அப்படிக் கூப்பிட்டது பிடித்துத்தான் இருந்தது. மூன்றாவது தடவை பேசும்போது அவளுக்குப் பின்னால் ஒரு சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஏழு. ஆய்வாளன் புத்தி போகுமா? கம்பெனிக் கடிகாரமே ஏழு நிமிடம் பின்னால் நிற்கிறதே, கப்பல் நேரத்துக்குக் கிளம்புமா என்று கேட்டேன். "கிளம்பும் சார், கடிகாரம் எங்கப்பா..." என்று ஆரம்பித்து, லைன் கட்டாகிவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனியில் இதுமாதிரி சின்னக் கோளாறு சகஜம்.

கப்பலைப் பற்றி என்ன சொல்ல. அறைக்குள் நுழைந்ததும் பையிலிருந்த டேப்பை எடுத்து நீளம் அகலம் அளந்தேன். சொன்னதைவிட இரண்டு அங்குலம் அதிகம் இருந்தது. யாரிடம் புகார் கொடுப்பது என்று தெரியாமல் டேப்பைச் சுருட்டி வைத்தேன். பால்கனி இருந்தது. நான் பால்கனி கேட்கவே இல்லை. உங்கள் அக்கா அதில் போய் நின்றவள், சாப்பிடக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளை இத்தனை வருடம் எங்கேயும் கூட்டிப்போகாமல் இருந்துவிட்டேனே என்று நினைத்து, சாப்பாட்டுத் தட்டை நானே பால்கனிக்கு எடுத்துப் போனேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

எதிர் அறையில் ஒரு பேங்க் மேனேஜர். அவருடைய ஜன்னலைத் திறந்தால் உயிர்காக்கும் படகின் அடிவயிறுதான் தெரியுமாம், கடல் தெரியாதாம். அவர் மனைவிக்கு மூன்று தளத்துக்குக் கீழே அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் லிஃப்டில்தான் சந்தித்துக்கொள்வார்கள். அவர் முகத்தைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. "ஏஜென்டை நம்பினா இப்படித்தான் சார், நேரா புக் பண்ணியிருக்கணும்" என்றேன். "நேராத்தாங்க பண்ணேன். நானே, கம்ப்யூட்டர்ல" என்றார். அப்படியென்றால் நேரடியிலும் சரியான நேரடி, தப்பான நேரடி என்று இரண்டு இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். சரியான நேரடி நம்பர் கேட்டார். எல்லாருக்கும் தர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் காற்று பிடித்துக்கொண்டது. போக வேண்டிய துறைமுகத்தை மூடிவிட்டார்கள், கப்பல் வேறு கரைக்குத் திரும்புகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்தப் பெண்ணே போட்டுக் கொடுத்திருந்த ஊர் திரும்பும் ரயில் போச்சு. வரவேற்பு மேஜைக்கு முன்னால் வரிசை மாடிப்படி வரை நின்றது. மேனேஜர் அறுபத்து நாலாவது ஆளாக நின்றுகொண்டு எனக்குக் கையாட்டினார். நான் சிக்னல் கிடைத்ததும் அந்த நம்பருக்குப் போட்டேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. எடுத்தாள். "பயப்படாதீங்க மாமா, ரயிலை மாத்தியாச்சு, இறங்குற இடத்துக்கு வண்டி வரும். பெட்டியைக் கட்டி வைங்க, போதும்" என்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ ஓர் ஆண் குரல், "கீழ் பெர்த் போட்டியா பாரு, அவருக்கு முட்டி தாங்காது" என்று சொன்னது. யாரோ உயரதிகாரியாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீசுக்கு வந்து, முன்பின் தெரியாத ஒரு பயணியின் முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறார். அதுதான் நேரடிப் பதிவு. நடுவில் ஓர் ஏஜென்ட் இருந்திருந்தால் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பார். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை உங்கள் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். ஏஜென்சியைப் பற்றிய இடம் வரும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உங்களை நினைத்து அழுகை வந்திருக்கும். வீட்டுக்கு வரும்படி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். வர வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, அதுவே பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் தொழில் உங்களுக்கு, என் கொள்கை எனக்கு. குடும்பத்தோடு நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வயதில் பெரியவன் என்ற முறையில் இந்த ஆசி, வேறு உரிமை எதுவும் கொண்டாடவில்லை.

இப்படிக்கு,
நேரடியாகப் பதிவு செய்து போய்வந்த
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, உறையைப் பிரித்து இதைத் தபால் ஆபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பேனாவைக் கயிறு போட்டு மேஜையில் கட்டியிருக்கிறார்கள், கயிறு குட்டை, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். முதலில் இந்த 'நீங்கள்' வேண்டாம், உன்னை அப்படி எழுதி எழுதிக் கை வலிக்கிறது. போனில் பதினொன்று அடித்த அந்தக் கடிகாரம் உன் கடை திறப்புக்கு நான் வாங்கிக் கொடுத்தது. மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைக் கனைக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? மூன்றாவது போனிலேயே தெரிந்துவிட்டது. பேசுகிறவள் நம் வீட்டுப் பெண், உன் மகள் என்றும் தெரிந்தது. ஸ்கூல் பையோடு பார்த்த குழந்தை, இன்றைக்கு எனக்கே டிக்கெட் போடுகிறது. அதற்குப் பிறகு நாலு தடவை பேசினேனே, அதில் இரண்டு தடவை எந்த வேலையும் இல்லை, சும்மா அவள் குரலைக் கேட்கத்தான்.

இன்னொன்று. மலைக்குப் போன சீட்டு தொலையவில்லை. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் என் பழைய எடைக்கல் பெட்டியை ஒழித்தபோது அடியில் கிடைத்தது. நீ போட்ட தேதி சரி. ஒரு மாதம் முன்னாடியே போய் நின்றவன் நான்தான். ஊரில் உள்ள தராசை எல்லாம் சோதித்தவன் ஒரு தேதியைச் சரியாகப் படிக்கவில்லை. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, நாளாக நாளாக இன்னும் கஷ்டமாகிவிட்டது. என்னை மன்னித்துவிடு. நான் வாக்கிங் கிளம்பியதும் உன் அக்கா உனக்குப் போன் போடுவதும் தெரியும். அவள் பேசி முடிக்கட்டும் என்றுதான் தினமும் இரண்டு சுற்று கூடுதலாக நடக்கிறேன். முட்டி அதனால்தான் போயிற்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாங்க. கதவை நான்தான் திறப்பேன். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் கடிகாரத்தைக் கையில் கொடு, அந்த ஏழு நிமிஷத்தை நான் சரிசெய்துவிடுகிறேன். உன் அக்காவைப் பொறுத்தவரை மட்டும் நான் நேராகத்தான் புக் பண்ணினேன். தன் தந்திரம் பலித்தது என்று அவள் இந்த ஒரு மாதமாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அதைக் கெடுக்காதே. அவள் கேட்டால் மேலே உள்ள கடிதத்தைக் காட்டு. இந்தப் பின்குறிப்பைக் கிழித்து எடுத்துவிடு.