மணிக்கோபுரத்தில் ஐந்து பேரும் ஒரு பெனால்டியும்

பங்கு இல்லம்,
ஓல்ஷோவா.
ஜூலை 26, 2020.

சேசுநாதருக்குத் தோத்திரம்.

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா லேயோகாதியாவுக்கு, ஓல்ஷோவா பங்குக்குருவான உன் தம்பி ஹிரோனிம் எழுதிக்கொள்வது. டொராண்டோவில் உன்னையும் அத்தானையும் நோய் அண்டாமல் காக்கும்படி ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வாசனை தெரியாமல் போவதுதான் அந்த வியாதிக்கு முதல் அடையாளம் என்கிறார்கள். பங்கு இல்லத்துச் சமையல்காரி பெலாகியா வாரத்தில் ஆறு நாள் முட்டைக்கோஸ் வேகவைப்பதால் என் மூக்கைப் பற்றி எனக்குச் சந்தேகமே எழுந்ததில்லை.

சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில், "உன்னைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிடுச்சாமேடா" என்று அழுதாய். உனக்கு இந்தச் செய்தியைக் கடல் கடந்து கொண்டுசேர்த்த புண்ணியவதி யாரென்று எனக்குத் தெரியும். அவளுக்கும் ஆண்டவர் நல்ல புத்தி அருள்வாராக. போலீஸ் வந்தது உண்மை. பிடித்துக்கொண்டு போனது பொய். நடுவில் நடந்ததை ஒழுங்காகச் சொன்னால்தான் உனக்குத் தூக்கம் வரும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர் அணியான இஸ்க்ரா முதல் பிரிவில் ஆடுவதும், கோயில் மதிலை ஒட்டியே அதன் மைதானம் இருப்பதும் உனக்குத் தெரியும். ஆட்டப் பருவத்தின் முடிவில் கடைசி மூன்று அணிகளைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். மார்ச் மாதம் கொள்ளைநோய் வந்து ஆட்டங்களை நிறுத்தியபோது இஸ்க்ரா கீழிருந்து மூன்றாவது இடத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பாதியில் நின்ற ஆட்டத்தை வைத்துத் தள்ளுவார்களா, விடுவார்களா என்று ஊரே சாப்பாடு இறங்காமல் கிடந்தது. சனிக்கிழமைகளில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. முன்பெல்லாம் ஆட்டத்துக்கு மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை வாசல்வரை நிற்கும். ரெஃபரியின் தாயாரைத் திட்டியவர்கள், எதிரணிக்காரன் காரைக் கீறியவர்கள், பந்தயத்தில் மனைவிக்குத் தெரியாமல் பணத்தை விட்டவர்கள். இப்போது கசாப்புக்கடை கெர்வாஸி முகக்கவசத்தோடு வந்து மண்டியிட்டு, "சாமி, சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லை. ஆட்டமே இல்லாதப்ப மனுஷன் எங்க போய்ப் பாவம் பண்றது?" என்று அழுதான். ஈஸ்டருக்குச் சாப்பாட்டுக் கூடையை மந்திரித்து வாங்க யாரும் கோயிலுக்கு வர முடியாததால் நானே பால் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு தெருத்தெருவாகத் தீர்த்தம் தெளித்துப் போனேன். முட்டையும் சாசேஜும் வைத்த கூடைகளோடு எட்டு வீட்டு ஜன்னல்களில் இஸ்க்ரா கொடியையும் நீட்டினார்கள். கண்டுகொள்ளாதவன் போல எல்லாவற்றின் மீதும் தெளித்தேன்.

இப்போது பெலாகியா விஷயம். அவளுடைய ஒரே மகன் தோபியாஷ்தான் இஸ்க்ராவின் கோல்கீப்பர். நல்ல பிள்ளை, ஆனால் இலையுதிர் காலத்தில் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் விட்டதிலிருந்து ஊரார் அவனுக்குச் "சல்லடை" என்று பேர் வைத்துவிட்டார்கள். பெலாகியா கடைக்குப் போனால், "என்னம்மா, மாவு சலிக்க உன் பையனை அனுப்புறியா?" என்று கேட்பார்கள். அவள் வாங்கினதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். வீட்டுக்கு வந்து என் சூப்பில் உப்பை அள்ளிப்போடுவாள். மே மாதம் ஆட்டம் மறுபடி தொடங்கும் என்று அறிவித்தபோது ஆட்டக்காரர்களை யாரோடும் ஒட்டவிடாமல் தனியாகப் பிரித்து வைத்தார்கள். பார்வையாளர் கிடையாது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற மகனை ஈஸ்டருக்குப் பிறகு பெலாகியா பார்க்கவே இல்லை. முதல் ஆட்டத்தன்று மதியம் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, மணிக்கோபுரத்துச் சாவியைக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"மேல நின்னா மைதானம் தெரியும். நான் ஆட்டம் பாக்கப் போகலை. அவன் இளைச்சிருக்கானான்னு பாத்துட்டு இறங்கிடுவேன்."

அந்தக் கோபுரத்தின் மரப்படிகள் உளுத்துப்போய், யாரும் ஏறக்கூடாது என்று நகராட்சி பலகை மாட்டியிருந்தது. தவிர, மைதானத்தைச் சுற்றி எங்கேயும் கூடி நின்று பார்க்கக்கூடாது என்று போலீஸ் உத்தரவு வேறு. இதையெல்லாம் அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் தளும்பியது. நீயே சொல்லக்கா, நான் என்ன செய்ய? குடுத்துட்டேன்.

அவள் இறங்கி வரும்போது ஆட்டம் முடிந்தேபோயிருந்தது. "இளைச்சிருக்கான்," என்றாள். "ரெண்டு கோல் விட்டான். ரெண்டும் அவன் தப்பில்லை."

அத்தோடு போயிருந்தால் நான் இன்றைக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் அவளுடைய சிவப்புச் சால்வை மேலே பறப்பதைக் கெர்வாஸி பார்த்துவிட்டான். மறுநாள் காலை ஆறரைப் பூசைக்கு வந்து நிற்கிறான்! ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் தவிர பீடத்தின் பக்கம் வராதவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் முந்தி ஆமென் சொல்கிறான். பூசை முடிந்ததும் பின்னாலேயே வந்து, "சாமி, மணிக்கோபுரத்துல புறா எச்சம் அதிகமாமே, நான் வேணா சுத்தம் பண்ணித் தரட்டா? சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு வேலை இல்லை," என்கிறான். விரட்டினேன். மறுநாள் மருந்துக்கடைக்காரரையும், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தான். நாலு பேருக்கும் திடீரென்று புறா எச்சத்தின் மேல் அப்படி ஒரு பக்தி. அந்தப் படி இத்தனை பேரைத் தாங்குமா என்று கேட்டதற்குச் சுரங்கக்காரர்கள் இரண்டு பேரும் ஏறிப்போய், முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, பூமிக்குள்ளே பயமில்லாமல் நடக்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். நகராட்சிக்காரர்கள் நாலு வருஷமாகச் செய்யாத வேலை அக்கா, நான் எந்த வாயால் வேண்டாம் என்பேன்? இப்படியாகச் சனிக்கிழமைதோறும் ஐந்து பேர் மேலே. நான் ஏறவில்லை. நடுப்படியில் இருக்கிற சின்ன ஜன்னலில் நின்று அவர்களைக் கண்காணித்தேன். அந்த ஜன்னலிலிருந்து மைதானம் தெரிகிறது என்பது என் குற்றமில்லை.

ஜூன் பாதியில் அரசாங்கம் மனமிரங்கி, மைதானத்தில் கால்வாசி இருக்கைக்கு ஆட்களை விடலாம் என்றது. எனக்கு உயிர் வந்தது. கோபுரத்தைப் பூட்டிச் சாவியை மேசைக்குள் போட்டுவிட்டேன். முதல் நாளே கெர்வாஸியின் கூட்டம் சந்தோஷம் தாங்காமல் சிவப்புத் தீப்பந்தம் கொளுத்தி, ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடித்து, புகையில் ரெஃபரி எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் பண்ணிவிட்டதால், இந்தப் பருவம் முடியும்வரை அரங்கை மறுபடியும் இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அன்றைக்கே சாவி கேட்டு வந்துவிட்டான் பாவி. "சாமி, தப்புப் பண்ணினவன் போக வேண்டிய இடம் கோயில்தானே?" என்கிறான். மறையுரையில் நான் சொன்னதையே என்னிடம் திருப்புகிறான்.

கடைசி ஆட்டம் நம் பரம வைரி ஊரான கமியோனுவோடு. கமியோனுவ்காரர்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே தப்பித்துவிட்டார்கள். நம்மைத் தள்ளிவிட்டுச் சிரிக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் வேறு லாபமில்லை. நமக்குச் சமன் போதும். ஏழு மணிக்குள் ஆட்டம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஏன் ஏழு என்றால், நோய் நீங்கும்வரை தினமும் மாலை ஏழுக்கு எல்லாக் கோயிலிலும் மணியடித்துச் செபமாலை சொல்ல வேண்டும் என்று ஆயர் உத்தரவு. நம் ஆர்கன்காரர் எவ்ஸ்தாஹி அதை ஒரு விநாடி தவறாமல் செய்வார். அவருக்குக் காது பாதி மந்தம். கால்பந்து என்றால் முழு வெறுப்பு. மேலே ஆள் இருப்பதே தெரியாது. மேலிருந்து விழுகிற சூரியகாந்தி விதைத் தோல்களைப் பார்த்து, "இந்தப் புறாக்களுக்கு எங்கேயோ நல்ல சாப்பாடு கிடைக்குது ஃபாதர்," என்பார்.

ஆனால் அன்றைக்குப் பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. கமியோனுவ் பேருந்து ஏசி இல்லாமல் வந்து சேர்ந்ததில், வாசலில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் துப்பாக்கியை வைத்தால் பதினோரு பேருக்கும் காய்ச்சல்! மருத்துவர் அவர்களை வரிசையாக நம் லிண்டன் மரங்களின் நிழலில் உட்காரவைத்து ஆறப்போட்டார். ஆறினபிறகுதான் ஆட்டமே தொடங்கியது. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. கடைசி நிமிஷம். நம் பின்வரிசைக்காரன் ஒருத்தன் கைநீட்டிப் பந்தைத் தொட்டுத் தொலைத்தான். பெனால்டி.

அக்கா, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேலே கெர்வாஸி, "போச்சு, எல்லாம் போச்சு, சல்லடைதானே நிக்குது," என்று சொன்னது எனக்கே கேட்டது. பெலாகியாவுக்குக் கேட்காமலா இருக்கும்? அவள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். கமியோனுவ் கேப்டன், ஒட்டகச்சிவிங்கி மாதிரி ஆள், ஓடி வந்தான். உதைத்தான். அப்போது எவ்ஸ்தாஹி கயிற்றை இழுத்தார்.

மணியென்றால் சின்ன மணியா? போருக்கு முன்னால் வார்த்தது. ஐந்து பேரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மைதானத்தில் அத்தனை பேரும் தலையைத் தூக்கிக் கோயிலைப் பார்த்தார்கள், ஒருத்தனைத் தவிர. நான் பார்த்ததை நீ நம்ப வேண்டும். தோபியாஷ் இடதுபக்கம் பாய்ந்து, பந்தைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புல்லில் கிடந்தான்.

நான் படியில் தடதடவென்று இறங்கி வெளியே வந்தால், முற்றத்தில் போலீஸ் வண்டி! மதிலோரம் மைதானத்தைப் பார்த்து நின்ற சார்ஜென்ட் ஷானெத்தா இடுப்பில் கைவைத்துத் திரும்புகிறாள். நான் ஞானஸ்நானம் கொடுத்த பெண்தான். "ஃபாதர், கோபுரத்துல யாரு?" என்றாள். "புறா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குருவாச்சே, நாக்கு எழவில்லை. அதற்குள் புறாக்களே இறங்கி வந்துவிட்டன. ஐந்து பேருக்கும் காது அடைத்துப்போயிருக்கிறது; ஆண்கள் ஊரே கேட்கிற மாதிரி கத்துகிறார்கள். "கோலா? கோலா இல்லையா?" மணி அதிர்ந்ததில் நாலு ஆண்களும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்களாம், ஒருத்தனும் பார்க்கவில்லை! கெர்வாஸி என் தோளைப் பிடித்து உலுக்குகிறான். நான் "பிடிச்சுட்டான், பிடிச்சுட்டான்" என்று கத்தினால், மருந்துக்கடைக்காரர், "இடிச்சுட்டானா?" என்கிறார்.

பெலாகியா யாரையும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். நான் என்ன ஜாடை காட்டியும் அவளுக்கு விளங்கவில்லை. அப்போது ஷானெத்தா அபராதச் சீட்டுப் புத்தகத்தை வண்டியின் மேல் வைத்தாள், தொப்பியைக் கழற்றினாள், அந்தச் சரளைக்கல் முற்றத்தில், சீருடையோடு, இடதுபக்கமாக ஒரு பாய்ச்சல் பாய்ந்து விழுந்தாள்! விழுந்த இடத்திலேயே இரண்டு கையையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பெலாகியாவைப் பார்த்துச் சிரித்தாள். முழங்கையில் ரத்தம்.

பெலாகியாவுக்கு விளங்கிவிட்டது. அவள் போய் அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே அழுதாள்.

அபராதம் போடவில்லை. "நான் வந்தது மணிச்சத்தத்துக்கு. புகார் வந்துச்சு. மணி ஆயர் உத்தரவுன்னா அது சட்டப்படிதான். புறாவைப் பத்தி யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லலை," என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள். நான் ஆயர் இல்லத்துக்குப் போனது மறுநாள். அதைத்தான் உன் சினேகிதி சிறை என்று சொல்லியிருக்கிறாள். மணியடித்து ஆட்டத்தைக் கெடுத்ததாகக் கமியோனுவ்காரர்கள் அனுப்பிய புகாரை ஆயர் இரண்டு முறை படித்தார். "மணி ஏழுக்குத்தானே அடிச்சது?" என்றார். "ஏழுக்குத்தான்." "அப்ப சரி. காபி சாப்பிடுறீங்களா?" அவ்வளவுதான். கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

ஊருக்குள் எல்லாரும், மணிதான் காப்பாற்றியது, புதுமை, அற்புதம் என்கிறார்கள். காது திறந்த அன்று பெலாகியா என் அறைக்கு வந்து, "சாமி, பொய் சொல்லாம சொல்லுங்க. மணியா, என் பையனா?" என்று கேட்டாள். கோயிலுக்கு நல்ல பேர் வருகிற விஷயம்தான். காணிக்கைப் பெட்டிகூட இந்த வாரம் கனக்கிறது. ஆனாலும் நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். "மணி அடிக்கும்போது பந்து ஏற்கெனவே காலைவிட்டுக் கிளம்பிடுச்சு. உன் பையன் அதுக்கும் முந்தியே கிளம்பிட்டான்." அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் கசாப்புக்கடையில் போய் நின்று, "ஒரு கிலோ சாசேஜ். சல்லடையோட அம்மா வந்திருக்கேன்," என்றாளாம். கெர்வாஸி ஒன்றரைக் கிலோ நிறுத்து, ஒரு கிலோவுக்கு மட்டும் ஸ்லோட்டிக் காசு வாங்கிக்கொண்டு, நிமிர்ந்தே பார்க்கவில்லையாம்.

ஆகவே அக்கா, நீ நிம்மதியாக இரு. கோபுரத்திலிருந்து யாரும் விழவில்லை. யாருக்கும் நோய் வரவில்லை. இஸ்க்ரா முதல் பிரிவிலேயே இருக்கிறது. பெலாகியாவின் மகன் அவள் கண்ணெதிரிலேயே இருக்கிறான், தினமும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். நான் இனி இந்தக் கால்பந்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். இந்த ஊரைவிட்டும் அசையமாட்டேன்; என்னை இங்கேயே, லிண்டன் மரத்தடியில் புதைக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சிலுவை வரைந்து அனுப்புகிறேன். சின்னவனுக்கு இரண்டாகப் போடு. தேவமாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக.

உன் தம்பி,
ஹிரோனிம்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பெலாகியா ஓடி வந்தாள். அந்தப் பெனால்டியைப் பார்த்ததிலிருந்து கமியோனுவ் கிளப் தலைவருக்குத் தூக்கமே இல்லையாம். இரண்டு மடங்கு சம்பளம் பேசித் தோபியாஷைத் தங்கள் அணிக்கே எடுத்துக்கொண்டுவிட்டார். பையன் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் ஆறுதல் சொல்வதற்குள் அவள், "சாமி, கமியோனுவ் பங்குக்குரு ஓய்வு வாங்குறாராம். விசாரிச்சுட்டேன். மைதானம் அந்தக் கோயிலுக்கு எதிர்லதான் இருக்கு," என்றாள். என் மாற்றல் விண்ணப்பமும் இந்தக் கடிதத்தோடு சேர்ந்தே தபாலுக்குப் போகிறது. உன் சினேகிதியிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவள் கெர்வாஸியிடம் சொல்லிவிடுவாள். அவன் கையில் எந்நேரமும் கத்தி இருக்கும்.