தாகம் சொல்லும் தங்கத் தகடு

ஜப்பானில், எங்கள் சுகுபா நகரில் தடுக்கி விழுந்தால் ஒரு முனைவர் மேல்தான் விழவேண்டும். அத்தனை ஆராய்ச்சிக்கூடங்கள். ஆனாலும் எங்கள் குடியிருப்பின் கூட்ட அறையில் கமிசகா சென்செய், அதாவது குருநாதர், கடை விரித்தபோது வாசலில் செருப்பு விட இடமில்லை. வெறும் தாயத்து என்றால் சிரித்திருப்பார்கள். இது நானோ தாயத்து! படித்தவர்களை ஏமாற்றப் படித்த சொல் வேண்டாமா?

இறந்தவர் படத்துக்குமுன் தினமும் வைக்கும் தண்ணீர்க் கோப்பையோடு போகவேண்டும். தபால்தலை அளவுத் தங்கத் தகட்டில் ஒரு துளி விடுவார். அடியில் விளக்கு. மஞ்சள்பச்சையாய் ஒளிர்ந்தால் இறந்தவர் தாகத்தில் தவிக்கிறார். அவருடைய ‘அமுத நீர்’ நாலு சொட்டு விட்டால் ஆரஞ்சாகும். தாகம் தீர்ந்தது! புட்டி முப்பதாயிரம் யென். மாதம் ஒன்று, செத்தவர்களுக்கும் கோடைகாலம் உண்டாமே.

எல்லார் வீட்டிலும் தாகம்தான். என் மாமியாருக்குக்கூட. உயிரோடிருந்தவரை சாக்கே மதுவைத் தவிர எதையும் தொடாத மனுஷி! நான் வாங்கினேனா என்று கேட்காதீர்கள். ஒரு புட்டிதான்.

மூன்றாம் மாடி நெமோத்தோ-சான் விஷயம்தான் சிரிப்பாக இல்லை. வசந்தத்தில் அவர் கணவர் ஆஸ்பத்திரியில் சாகுமுன் தண்ணீர் கேட்டார், டாக்டர் கூடாதென்றார், இவர் கொடுக்கவில்லை. இதை சென்செய் காதில் போட்டது யாரோ, நானில்லை. நான் சொன்னது ஐந்தே பேரிடம். தகடு பச்சை காட்டியதும் சென்செய் கேட்டார்: “கடைசித் தண்ணிய மறுத்தது யாரும்மா?” அன்றிலிருந்து, ஆகஸ்டு வெயிலில், அந்த அம்மாளும் தண்ணீரைத் தொடுவதில்லை. உதடு நனைப்பதோடு சரி. இரண்டு முறை படிக்கட்டில் மயங்கி விழுந்தார்.

இரண்டாம் தடவை தூக்கியது எதிர்வீட்டு ஓனுகி-சான். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிமேல் மெல்லிய உலோகம் பூசுகிற டெக்னீஷியன். அடுத்த ஞாயிறே சென்செய் முன் இரண்டு கோப்பைகளோடு வந்து நின்றாள்.

“சென்செய், இது எங்க அப்பாவுக்கு வச்சது. இது தாத்தாவுக்கு.”

முதல் துளி பச்சை. சென்செய் கண்ணை மூடினார். “ஐயோ பாவம்! நாக்கு வறண்டு அலையறாரே உங்கப்பா!”

இரண்டாவது, அமுத நீர் விடாமலே, பளிச்சென்று ஆரஞ்சு. சென்செய்க்கே திகைப்பு. “தாத்தா... புத்தர்கிட்டயே போய்ச் சேர்ந்துட்டார்!”

“சந்தோஷம். முதல் கோப்பை எங்க வீட்டு ஏசி சொட்டின தண்ணி. ரெண்டாவது ஐஸ் காபிக்கு ஊத்துற சர்க்கரைப்பாகு. அப்பா, கையத் தூக்குங்க.”

கடைசி வரிசையில், வாய் நிறையக் காய்ந்த சர்க்கரைவள்ளியோடு ஒரு கிழவர் எழுந்தார். “தாகம் நெஜம்தான். இதத் தின்னா விக்குது. யாராவது பார்லி டீ குடுங்கப்பா!”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சென்செய் முகம் சிவந்தது. “நம்பாதவங்க கை பட்டா தகடு பொய் சொல்லும்!”

“அப்போ நம்புறவங்க கையாலயே பாத்துடலாம். நெமோத்தோ-சான், வாங்க. உங்க தண்ணி ஒரு துளி. அதுமேல காபிப் பாகு நாலு சொட்டு.”

அவரே விட்டார். பச்சை ஆரஞ்சானது.

“தகட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க வரிசையா இருக்கு,” என்றாள் ஓனுகி. “ஒளி அதைப் பிடிச்சுக்கிட்டு தங்கத்து மேல இருக்குற எலக்ட்ரான் கூட்டத்தை அலையடிக்க வைக்குது. எந்த நிறத்துக்கு அலை நல்லா எழும்புதோ அது அதிகமா வெளிய வரும். தங்கத்தை ஒட்டித் தண்ணி இருந்தா ஒரு நிறம், பாகு இருந்தா வேற நிறம். அந்த அலைக்கு ‘பிளாஸ்மான்’னு பேரு.”

ஏதோ புது போதிசத்துவர் என்று நினைத்து நான் கைகூப்பிவிட்டேன்.

நெமோத்தோ-சான் தகட்டையே பார்த்தார். “அப்போ... அவருக்கு?”

“இதுக்கு அவரைத் தெரியவே தெரியாது. சர்க்கரைதான் தெரியும். அன்னிக்குக் குடுத்திருந்தா மூச்சுக்குழல்ல போயிருக்கும். அதான் டாக்டர் வேணாம்னார். நீங்க அவரைக் காப்பாத்தத்தான் பாத்தீங்க.”

அந்த அம்மாள் கோப்பையில் மிச்சமிருந்ததை மடக்கென்று குடித்தார். பிறகு இன்னொன்று கேட்டார். அந்தச் சந்தடியில் சென்செய் பின்வாசல் வழியே போனார். தகட்டை மட்டும் மறக்கவில்லை.

அமுத நீரை அன்று மாலை நக்கிப் பார்த்தேன். தித்தித்தது. இரண்டு மாதமாக அலமாரியில் வைத்துக் கும்பிட்டவளுக்கு, மூடியைத் திறந்து நக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் கட்டடத்தில் இருக்கிற பதினேழு முனைவர்களுக்கும்தான். பட்டம் சுவரில் மாட்டுவதற்கு. மூளையையும் கூடவே மாட்டிவிட்டு வரச் சொன்னது யார்?