பக்கத்து நாற்காலிக்காரர்

ஸ்டாமென் கோச்செவ் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தபோது, அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. டோக்கன்கள் மட்டும் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன.

அவர் வந்ததே தாமதம். ப்ளோவ்திவிலிருந்து கடற்கரைக்கு வரும் சாலையில் பாதி பல்கேரியா காரை நிறுத்திவிட்டுத் தர்பூசணி வாங்கிக்கொண்டிருந்தது. ஓட்டலின் பெரிய கூடத்தில், போக்கர் தொடரின் பெரிய ஆட்டம் அதற்குள் சூடு பிடித்திருந்தது. பன்னிரண்டாம் மேஜை, ஆறாம் நாற்காலி என்று நுழைவுத் துண்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு அதைக் கசக்கிப் பையில் போட்டார். மேஜையில் சீட்டுப் போடும் டீலர் எழுந்து இன்னொருத்தி உட்காரும் நேரம். எதிரே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலி, இரண்டின் முன்னாலும் டோக்கன்கள் அடுக்கியிருந்தன. ஊர்க் கிளப்பில் எண்ணுகிற மாதிரி, டீலரின் வலப்பக்கத்திலிருந்து மளமளவென்று எண்ணி, ஆறாவதில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் புண்ணியவான் எங்கே?" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டிக் கேட்டார்.

"பணம் கட்டினவரு. ஆளு வரல," என்றாள் புதிதாக உட்கார்ந்த டீலர் நெவெனா. "வராட்டியும் அவருக்குச் சீட்டுப் போடணும். கட்டாயப் பணயம் வைக்கிற முறை வந்தா, அவர் டோக்கன்லேர்ந்து நானே எடுத்து வைக்கணும். அதான் சட்டம்."

"தீர்ற வரைக்கும்?"

"தீர்ற வரைக்கும்."

ஸ்டாமெனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இல்லாத ஆளிடமிருந்து எடுக்கச் சாமர்த்தியம் எதற்கு? நாற்காலியின் முறை வரும்போது மற்றவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டால், இவர் கொஞ்சம் டோக்கனை முன்னால் தள்ளினால் போதும். எல்லாம் இவர் பக்கம் வந்துவிடும். எதிர்த்துக் கேட்க நாற்காலிக்கு வாய் கிடையாது.

அவருக்கு இந்த முறை வாழ்வா சாவா என்கிற நிலை. வருஷா வருஷம் இந்தத் தொடருக்கு வந்து, வருஷா வருஷம் பரிசு வரிசைக்கு வெளியே விழுந்து, வெறுங்கையோடு வீடு போனவர். இன்று காலை மனைவி ருமியானா அவர் கையைப் பிடித்துப் புனித நிக்கோலா படத்தின் மேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். இந்தத் தடவையும் பரிசு வரிசைக்குள் வராவிட்டால், அதோடு சீட்டுக்கு முழுக்கு. மைத்துனன் ஜிவ்கோவின் டைல்ஸ் கடையில் போய் நிற்க வேண்டும். ஜிவ்கோவின் கீழ் வேலை! அவனோடு ஒரு கல்யாணச் சாப்பாட்டைக்கூட ஸ்டாமெனால் முழுசாகச் சாப்பிட முடிந்ததில்லை.

முதல் தடவை நாற்காலியிடமிருந்து எடுத்தார். அடுத்த தடவையும் எடுத்தார். "நன்றிங்க. உடம்பைப் பாத்துக்குங்க," என்று அதன் கைப்பிடியைத் தட்டிக்கொடுத்தார். மேஜையே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று.

எதிரே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ருமேனியாக்காரர் டோரின் நிமிர்ந்தார். லாரி முதலாளி. கழுத்தே இல்லாத மனிதர்.

"அண்ணே, பொதுச் சொத்தை நீங்க ஒருத்தரே முழுங்குறீங்களே?"

"பக்கத்து வீடுய்யா. எனக்குத்தான் முதல் பாத்தியதை."

"வேலி இல்லாத வீடு அண்ணே. யாரு வேணா உள்ள வரலாம்."

அதன் பிறகு நாற்காலியின் முறை வரும்போதெல்லாம், ஸ்டாமெனுக்கு முன்பாகவே டோரின் டோக்கனைத் தள்ளினார். ஸ்டாமெனுக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டு மரத்தில் அடுத்தவன் ஏறிப் பழம் பறிப்பது போல இருந்தது. மூன்றாம் தடவை பொறுக்க முடியவில்லை. கையில் இருந்தது ஏழும் இரண்டும், குப்பையிலும் குப்பை. ஆனாலும் ஒரு பெரிய அடுக்கைத் தூக்கி நடுவில் வைத்தார்.

"நிஜமாவா அண்ணே?" என்று கேட்டு, டோரின் இரண்டு ராஜாக்களைத் திருப்பிக் காட்டினார்.

பாதி டோக்கன் போயிற்று. 'பேசாமல் இருந்திருக்கலாமே! யாருடைய டோக்கனோ, எவன் எடுத்தால் எனக்கென்ன?' என்று ஸ்டாமென் தன்னையே திட்டிக்கொண்டார்.

இடைவேளையில் ருமியானாவின் போன் வந்தது.

"எப்படிப் போகுது?"

"பிரமாதம். அப்படியே வண்டி ஓடுது."

"குரலே சரியில்லையே. சாப்பிட்டியா? நான் கட்டிக் குடுத்த பனித்சா ரொட்டியையாவது தின்னு, ஊசிப் போயிடும். ஜிவ்கோ உனக்குக் கடைச் சட்டை வாங்கி வச்சிட்டான். கழுத்து அளவு கேட்டான், சொல்லிட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"உன் ஆட்டத்தை நான் இன்னைக்கா பாக்குறேன்?"

ஸ்டாமென் பனித்சாவைத் தின்றபடி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் அந்த நாற்காலி மாதிரியே இருப்பது. எதிலும் தலையிடுவதில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் இரண்டு ராணிகள் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே போட்டார். மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாகப் போடும் சீட்டுகளில் முதலாவதாக மூன்றாவது ராணி வந்து விழுந்தாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன அண்ணே, தூசியா?"

"ஆமாய்யா, தூசி."

போட்டது தப்பு என்று மனசு அடித்துக்கொண்டதால், அடுத்து வந்த இரண்டு ஜாக்கிகளை விடாமல் பிடித்துக்கொண்டார். டோரினிடம் இரண்டு ஏஸ். விட வேண்டியதைப் பிடித்து, பிடிக்க வேண்டியதை விட்டு, சாயங்காலம் ஆகும்போது ஸ்டாமெனிடம் கையடக்கமாகக் கொஞ்சம் டோக்கன்தான் மிஞ்சியது. பக்கத்து நாற்காலியிடம் அதைவிட ஒரு பிடி அதிகம் இருந்தது. நாள் முழுக்க ஒரு சீட்டைக்கூடப் புரட்டிப் பார்க்காத நாற்காலி!

மேற்பார்வையாளர் மைக்கைத் தட்டினார். "கவனிங்க! இன்னும் ரெண்டு பேர் வெளியே போனா, மிச்சம் இருக்கற எல்லாருக்கும் பரிசு உண்டு."

கூடம் உறைந்து போனது. எல்லோரும் சீட்டை வாங்கினார்கள், உடனே கீழே போட்டார்கள். ஸ்டாமெனும் போட்டார். இருப்பதை வைத்துக்கொண்டு இன்னும் சில சுற்று ஓட்டிவிடலாம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். டைல்ஸ் கடையிலிருந்து தப்பிவிடலாம்.

"அண்ணே," என்றார் டோரின், விதைத் தோலைத் துப்பிவிட்டு. "கடைசில யாரும் இல்லாத நாற்காலிகிட்டயா தோத்துப் போகப் போறீங்க?"

இந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டாமெனுக்கு ஏஸும் ராஜாவும் வந்தன. இத்தனை வருஷம் கற்ற பொறுமையெல்லாம் எங்கே போனதோ, எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டார்.

டோரின் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, மனசில்லாமல்தான், இரண்டு ஏழுகளைத் திருப்பினார். நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் விழுந்தன. ஏஸும் இல்லை, ராஜாவும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. சும்மா சீண்டினேன், இப்படி ஆகும்னு நினைக்கல."

ஸ்டாமென் எழுந்து நின்றார். அடுத்த நிமிஷமே பக்கத்து மேஜையில் ஒரு கிரேக்கர் வெளியேற, கூடம் முழுக்க ஒரே கைத்தட்டல். மீதி எல்லோருக்கும் பரிசு உறுதி. காலி நாற்காலிக்கும் சேர்த்துத்தான். டோரின் எழுந்து வந்து அதன் கைப்பிடியைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

இன்னும் சில சுற்று பொறுத்திருக்கக் கூடாதா என்று ஸ்டாமென் தன்னையே நொந்துகொண்டார். சுவரோரமாகப் போய் ஜிவ்கோவுக்கே போன் போட்டார். மனைவியிடம் சொல்லும் தைரியம் இல்லை.

"மச்சான், திங்கக்கிழமை வந்துடுறேன்."

"வாங்க மாமா! காலைல சீக்கிரம் வந்திடுங்க, குளியலறை டைல்ஸ் லோடு இறங்குது. ஒரு நிமிஷம், அக்காவும் இங்கதான் இருக்கா... அக்கா! மாமா சீட்டை விட்டுட்டாராம்!"

போனுக்குள் ருமியானா ஆனந்தத்தில் அழுவது கேட்டது. பின்னால் யாரோ ராக்கியா சாராயப் புட்டியைத் திறந்தார்கள். இனி திரும்பிப் பேச வழியே இல்லை.

கிளம்பியிருக்கலாம். ஆனால் கால் நகரவில்லை. அந்த அதிர்ஷ்டக்காரனின் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தால்தான் ஆறும் போலிருந்தது. மேஜைக்கே திரும்பிப் போய், டோக்கன்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நெவெனாவிடம் குனிந்தார்.

"ஏம்மா, பரிசு வாங்க அந்த ஆளு வருவானா?"

"வரலாம் ஐயா. எப்ப வந்தாலும் அவருக்குத்தான்."

"ஒண்ணும் செய்யாம ஜெயிச்சிருக்கான். வந்தா அவன் கையைக் குலுக்கிட்டு, ஒரு வார்த்தை கேக்கணும். பொறுமையா இருக்கறது எப்படின்னு. பேராவது சொல்லேன்."

நெவெனாவுக்கும் பாவமாக இருந்தது. தன் இடக்கைப் பக்கத்திலிருந்து நாற்காலிகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள். ஆறு என்று சொல்லும்போது விரல் காலி நாற்காலியில் வந்து நின்றது. பிறகு மேஜையோரம் இருந்த சிறு திரையில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள்.

"ஆறாம் நாற்காலி... ஸ்டாமென் கோச்செவ், ப்ளோவ்திவ். உங்களுக்குத் தெரிஞ்சவரா ஐயா?"