இடைநின்ற மகளைத் திருப்பி அனுப்பக் கோரி

கடலூர் முதுநகர்,
10.8.2008

சிதம்பரம் பக்கத்துப் பெண்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல் பொறுப்பில் இருக்கும் என் அன்பு அக்கா மங்கலம் அவர்களுக்கு, தம்பி காத்தவராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் புஷ்பவள்ளியும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். நீயும், உன் கையால் சாப்பிடும் எண்பது பிள்ளைகளும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் அறிவுமதியை வருகிற சனிக்கிழமை பஸ் ஏற்றி அனுப்பிவிடு. ஒரேயடியாக.

ஏன் என்று கேட்பாய். அவளைச் சேர்த்த விதமே சரியில்லை அக்கா. படிப்பை விட்ட பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்க அரசாங்கம் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று ஜூன் மாதம் ஜான்சி டீச்சர் வீடு வீடாக வந்தாரே, அப்போது பாரத்தைப் பிரித்து, "உங்க பொண்ணு இடைநின்றவங்களா?" என்று என்னைக் கேட்டார். ஆறாவதோடு நின்று, அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போன பிறகு தண்ணீர் பிடித்து, சோறாக்கி, ஒரு வருஷமாக வீட்டையே தாங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? எனக்குச் சுருக்கென்றது. "எம்பொண்ணு எதுலயும் எடயில நிக்கிறவ இல்ல டீச்சர். எடுத்த வேலய முடிச்சிட்டுத்தான் மறுவேல பாப்பா" என்று சொல்லிவிட்டேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நீதான் விஷயம் கேள்விப்பட்டுச் சிதம்பரத்திலிருந்து ஓடிவந்து, "அட கூறுகெட்டவனே, எடநின்னவன்னா பள்ளிக்கூடத்த விட்டவன்னு அர்த்தம்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு என்னை டீச்சரிடம் இழுத்துப் போனாய். "ஆமாங்க, எம்பொண்ணு எடநின்னவதாங்க" என்று நாலு பேர் முன்னால் என் வாயாலேயே சொல்லி இடம் வாங்கினேன். இன்னும் அது நெஞ்சில் குத்துகிறது.

சரி, அந்தப் பணத்தில் இரண்டு செட் துணி, எண்ணெய், சோப்பு, விட்டுப்போன பாடத்துக்குச் சாயங்காலம் தனி டீச்சர், வாரத்தில் இரண்டு நாள் கராத்தே. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு ஒரு நாள் வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? என் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். உள்ளே ஒட்டியிருக்கிற எழுத்தைச் சத்தமாகப் படித்தாள். "அப்பா, ஆறு பேருதான் ஏறணும்னு போட்டிருக்கு. இங்க பத்துப் பேரு இருக்காங்க" என்றாள். கடைசியாக ஏறிய நாலு பேரையும் கராத்தேயில் நிற்கிற மாதிரி நின்று இறக்கிவிட்டாள். அதில் ஒருவர் எனக்கு வண்டியை வாடகைக்கு விட்டிருக்கிற ஞானசேகரன் முதலாளி. மனுஷன் வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார். மூன்று நாள் எனக்குச் சாவி கிடைக்கவில்லை. அந்த மூன்று நாளும், "உம்பொண்ணு படிச்சிட்டாடா" என்று ஸ்டாண்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை வெளியில் சொல்ல முடியுமா?

அவள் திரும்பிப் போனதிலிருந்து வண்டி ஓட்டமும் சரியில்லை. சிதம்பரம் பஸ் எதிரே வந்தால் கை தானாக ஹார்னை அழுத்துகிறது. டிரைவர்கள் வழி கேட்கிறேன் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள், அப்புறம் திட்டுகிறார்கள். புஷ்பவள்ளியோ கம்பெனியில் கழித்துப்போடுகிற இறாலை வாங்கிவந்து வதக்கி, பழக்க தோஷத்தில் ஒரு கிண்ணம் தனியாக மூடி வைக்கிறாள். காலையில் அதைப் பூனை தின்கிறது. பூனை இப்போது கதவிடுக்கில் நுழைய முடியாத அளவுக்குப் பருத்துவிட்டது.

இந்த நிதி பின்தங்கியவர்களுக்கு என்று உங்கள் தலைமையாசிரியை கூட்டத்தில் பேசினாராம். நன்றாகக் கேட்டுச் சொல் அக்கா. அவள்தான் முன்னால் போய்விட்டாளே. பின்னால் தங்கிவிட்டது நானும் புஷ்பவள்ளியும்தான். எங்களுக்கு ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா? சிரிக்காதே. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பிள்ளையைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. சண்டை போடவாவது அவள் வேண்டும். அதனால் சனிக்கிழமை மறக்காமல் அனுப்பிவை. முதுநகரில் பஸ் நிற்கிற இடத்தில் காலையிலிருந்தே காத்திருப்பேன்.

உன் கால்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள். அங்குள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த மாமனின் ஆசி. அறிவுமதிக்கு அவள் அம்மாவின் முத்தம்.

இப்படிக்கு,
உன் தம்பி
காத்தவராயன்

பி.கு.: மேலே நேற்று ராத்திரி எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. இரண்டரை ரூபாய் இன்லேண்டு லெட்டர், கிழிக்க மனசு வரவில்லை. அறிவுமதியை அனுப்பாதே. பஸ்ஸுக்குக் காசு கேட்பாள், கொடுக்காதே. அப்பா ஊரில் இல்லை என்று சொல்லிவிடு. இன்று காலை ஆபீஸ் ரூம் போனிலிருந்து அவளே பேசினாள். "அப்பா, இங்கிலீசு ஒண்ணும் புரியலப்பா. எல்லாரும் என்னவிட நல்லா படிக்கிறாங்க. நா வந்துடறேன்ப்பா" என்றாள். "அலோ, அலோ, ஒண்ணும் கேக்கலம்மா, லைனு சரியில்ல" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது அக்கா. அவள் மூக்கை உறிஞ்சியது வரைக்கும் கேட்டது.