ஏழாம் குழியின் ஆழம்

சாலை என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக இருக்கிறது என்றொரு நம்பிக்கை பொதுமக்களிடையே நிலவி வருகிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. பள்ளிக்கூடப் பாடங்களில்கூட இந்தப் பிழை இன்னும் திருத்தப்படவில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: சாலை அதற்காக இல்லை. இந்த உண்மையை நாரியல் டிக்ரியில் குடியிருக்கும் நாகலிங்கம் தமது அறுபத்து மூன்றாம் வயதில்தான் தெரிந்துகொண்டார்.

நாரியல் டிக்ரி என்பது தீவில் சிப்பிகாட் என்ற ஊருக்கு அப்பால் ஒன்றரைக் கிலோமீட்டரில், பதினெட்டு வீடுகளைத் தாங்கி நிற்கும் ஒரு மேடு. 2004 டிசம்பரில் நிலம் குலுங்கி வீடுகள் விழுந்தன; கடல் உள்ளே வந்தபோது மேடு தப்பித்தது. மேட்டுக்குப் போகும் சாலை தப்பவில்லை. நிலமே இடுப்பளவு தாழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து கடல் ஏறும் நேரமெல்லாம் சாலைமேல் ஏறியது. இறங்கும் நேரமெல்லாம் கொஞ்சம் தாரையும் கல்லையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கியது. உப்பு குடித்துச் செத்த தென்னைகள் இரண்டு பக்கமும் தலையில்லாமல் நின்றன. நகரத்து ஜங்லிகாட்டிலிருந்து வரும் ஆட்டோக்கள் சாலை தொடங்கும் மதகோடு திரும்பிவிடும்.

நாகலிங்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்து எழுதும் வேலையில் இருந்தவர். இருபத்தெட்டு வருடத்தில் கால் கிலோகூடத் தப்பாக எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. அந்தக் கைதான் சாலைக்கும் மனு எழுதியது. வருடத்துக்கு ஒன்றாக எட்டு மனு. ஒவ்வொன்றோடும் ஓர் அட்டவணை: மொத்தக் குழிகள் நாற்பத்து மூன்று, ஒவ்வொன்றின் நீளம், அகலம், ஆழம். கடல் இறங்கிய நேரமாகப் பார்த்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேப்பை வைத்து அவரே அளந்தது.

முதல் ஏழு மனுவுக்கும் ஒரே பதில் வந்தது: 'நேரில் ஆய்வு செய்ததில் மேற்படி சாலையில் நீர் ஏதும் காணப்படவில்லை.'

இதில் பொய் கிடையாது. அதிகாரிகள் கடல் இறங்கியிருக்கும்போதுதான் ஆய்வுக்கு வருவார்கள். ஏறியிருக்கும்போது வர முடியாது. சாலையில் தண்ணீர் இருக்கும்.

2012 ஆகஸ்டில் ஒன்பதாவது மனுவை எடுத்துக்கொண்டு அவர் டெலானிபூரில் இருந்த சாலை அலுவலகத்துக்கு நேரிலேயே போனார். இந்த முறை காரணம் வேறு. மகள் தமிழரசிக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை கௌதமுக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. மாதக்கணக்கில் தண்ணீர்மேல் இருப்பவர். பிப்ரவரிக் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அதற்குள் ஆட்டோ வீட்டு வாசலுக்கு வர வேண்டும். நாகலிங்கம் கேட்டது அவ்வளவுதான்.

"ஒன்பதாவதா?" என்றாள் குமாஸ்தா விஜயலட்சுமி. "எட்டாவதுக்கே இன்னும் பதில் டைப் ஆகலையே ஐயா. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாப் போட்டுடட்டுமா?"

"பொம்பளப் புள்ள சமாச்சாரம்மா. தொரையைப் பார்த்தே சொல்லிட்டுப் போறேன்."

அவர் தொரை என்று சொன்னது உதவிப் பொறியாளர் கோவிந்தராஜை. கோவிந்தராஜ் மதுரைக்காரர். அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவருடைய வண்டியைப் பற்றிச் சொல்வதே முறை. அவரும் அப்படித்தான் செய்வார். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஜங்லிகாட் பட்டறையில் எட்டு மாதம் போட்டு, ஆறு அங்குலம் உயர்த்தியிருந்தார். நெஞ்சளவு டயர், நான்கு சக்கரமும் தனித்தனியாக இழுக்கும். தண்ணீரில் முங்கினாலும் இன்ஜின் மூச்சு விடுவதற்குக் கண்ணாடி ஓரமாக ஒரு குழாய். முன்பக்கம் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள இரும்புக் கயிறு சுற்றிய வின்ச். கூரைமேல் மடக்குக் கூடாரம்; அதில் ஏற ஓர் ஏணி. டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகத்துக்கு முந்நூறு மீட்டர். இவ்வளவையும் அவர் அதற்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கோவிந்தராஜ் மனுவோடு இருந்த போட்டோவைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பெரியவரே, இது எங்க இருக்கு?"

"சிப்பிகாட் தாண்டி, தொரை. எட்டு வருசமா இப்படியேதான் கெடக்குது."

"எட்டு வருஷமா!" கோவிந்தராஜ் எழுந்தே நின்றுவிட்டார். "தீவு முழுக்க அலைஞ்சு பார்த்துட்டேன்யா. நிவாரணம் நிவாரணம்னு எல்லா ரோட்டையும் நல்லாப் போட்டுத் தொலைச்சுட்டாங்க. ஆப்ரோடுன்னு குழியிலயும் சேத்துலயும் வண்டி ஓட்ட ஒரு இடம் கிடையாது. இவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒம்பது மனு போட்டேனே, தொரை."

"மனுவை யார் படிக்கிறா? போட்டோ வச்சிருக்கணும்ல!"

சனிக்கிழமையே வருவதாகச் சொன்னார். நாகலிங்கம் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவருடையதும் கூட்டாளிகளுடையதுமாக நான்கு வண்டிகள் வந்தன. கடல் ஏறும் நேரமாகப் பார்த்து வந்தன. அரசு அதிகாரி ஒருவர் அந்தச் சாலையில் தண்ணீரைக் கண்ணால் கண்டது அன்றுதான். கண்டதும் கைதட்டினார். மூன்று வண்டிகள் மூன்றாம் குழியிலேயே புதைந்தன. கோவிந்தராஜின் வண்டி ஆறு குழிகளைத் தாண்டி ஏழாவதில் உட்கார்ந்தது. வின்ச் கயிற்றை ஒரு தென்னையில் மாட்டி இழுத்தார். வண்டி மரத்தை நோக்கிப் போகவில்லை. மரம் வண்டியை நோக்கி வந்தது. கடைசியில் பதினெட்டு வீட்டு ஆட்களும் பவர் டில்லரும் சேர்ந்து எல்லாவற்றையும் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். சேறு வழியும் முகத்தோடு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், வந்தவர்கள்.

பிறகு கூரைமேல் கூடாரத்தை விரித்தார்கள். நாகலிங்கத்தின் மனைவி ரெங்கம்மா வேலியோரம் நின்று பார்த்தாள்.

"என்னாங்க, பாவம், இவங்களுக்கு வீடு இல்லையா?"

"குவார்ட்டர்ஸ் இருக்கு புள்ள. மூணு ரூம்பு."

"பின்ன ஏன் வண்டி மேல படுக்குறாங்க? சுனாமிக்குப் பொறவு நம்மள தகரக் கொட்டாயில போட்டாங்களே, அந்த மாதிரியா?"

"அது கட்டாயத்துக்கு. இது ஆசைக்கு."

ரெங்கம்மா சற்று யோசித்தாள். "அப்ப நாம ரெண்டு வருசம் ஆசைப்படாமலே படுத்துட்டோமே," என்றாள். "காலையில கக்கூஸ் கேட்டு நம்ம வீட்டுக்குத்தானே வருவாங்க? இப்பவே தண்ணி புடிச்சு வைக்கிறேன்."

கேட்டு வந்தார்கள்.

அக்டோபரில் ஆணை வந்தது. நாரியல் டிக்ரி சாலை அன்று முதல் சாலை அல்ல. 'இயற்கையாக உருவான சாகசத் தடம்'. அதன் குழிகள், சேறு, நீர்த்தேக்கம் ஆகியவை உள்ளது உள்ளபடியே பேணப்பட வேண்டும். செப்பனிடக் கோரும் மனுக்கள் இனி சூழலுக்கு ஊறு விளைவிக்கும் செயலாகக் கருதப்படும். நகல்: மனுதாரர் நாகலிங்கம், தகவலுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும்.

மதகடியில் ஆட்டோ ஓட்டும் முத்துராஜிடம் அவர் அதைப் படித்துக் காட்டினார்.

"மாமா, உங்க மனு பாஸ் ஆயிடுச்சுன்னு சொல்றாங்களே?"

"பாஸ்தான். குழி பாஸ் ஆயிருக்கு."

"அப்ப தமிழரசியை எப்படிக் கூட்டிட்டுப் போறது? என் ஆட்டோ காடி இதுல எறங்குச்சுன்னா, அதுக்குத்தான் மொதல்ல பிரசவம் பார்க்கணும்."

நாகலிங்கம் மதகில் உட்கார்ந்து ஒரு பீடி தீரும்வரை யோசித்தார். இந்தத் தீவுகளில் நாற்பது வருடம் வாழ்ந்தவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: சாலை மக்கள் கேட்டு வருவதில்லை, மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி வந்தால் வரும். அவர் வருமுன் தார் வரும், தென்னைக்கு வெள்ளையடிப்பார்கள், போனபின் வெள்ளை மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். அன்று மாலையே பத்தாவது மனுவை எழுதினார். சாலை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. 'சாகசத் தடத்தை மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்து, வண்டியில் அமர்ந்து, தொடங்கி வைத்தால் ஊர் மக்கள் பெருமை கொள்வோம்.'

இந்த மனுவுக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கூடுதல் செயலாளர் ஒருவர் டிசம்பரில் வருகிறார். பதிலோடு அவருடைய பயணக் குறிப்பும் இணைக்கப்பட்டிருந்தது: சர்க்கரை இல்லாத தேநீர், தலைகாணி இரண்டு, முதுகுத்தண்டில் தேய்மானம் உள்ளதால் வண்டி குலுங்கலாகாது.

அலுவலகம் இந்தக் கடைசி வரியை மூன்று நாள் ஆராய்ந்தது. ஆப்ரோடு தடத்தில் வண்டி போக வேண்டும். ஆனால் குலுங்கக் கூடாது. விடை ஒன்றுதான். பதினோரு நாளில் கான்கிரீட் சாலை போட்டார்கள். கடல் ஏறினாலும் நனையாத உயரம். மேலே வைத்த தம்ளரில் தண்ணீர் தளும்பாத வழுவழுப்பு. செத்த தென்னைகளுக்கும் வெள்ளையடித்தார்கள்.

கான்கிரீட் காய்ந்த அன்று முத்துராஜின் ஆட்டோ நாகலிங்கம் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஊரே வெளியே வந்து பார்த்தது. தமிழரசி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை முடித்து, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பினாள். "அப்பா, வயித்துல தண்ணிகூட ஆடலப்பா!" என்றாள்.

விழா சிறப்பாக நடந்தது. கூடுதல் செயலாளர் கோவிந்தராஜின் ஜீப்பில், இரண்டு தலைகாணி நடுவே, மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரைக் கிலோமீட்டரையும் கடந்தார். பத்திரிகைப் படத்தில் வண்டி சுத்தமாக விழுந்தது. ஆகவே விஜயலட்சுமி இரண்டு வாளி சேறு வரவழைத்து ஊற்ற வைத்தாள். மறுபடி படம் எடுத்தார்கள்.

"இத்தகைய கரடுமுரடான பாதைகளே மனிதனின் மன உறுதியைச் சோதிக்கின்றன," என்று செயலாளர் பேசினார். நாகலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தி, தடத்தின் கௌரவக் காப்பாளராக நியமித்தார். முன்வரிசையில் இருந்த ரெங்கம்மா அழுதாள். பொன்னாடைக்காக அல்ல, கான்கிரீட்டுக்காக.

அரசாங்கம் மெதுவாக நடக்கும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. ஜனவரியிலேயே தணிக்கை வந்துவிட்டது. அனுமதிக்கப்பட்டது சாகசத் தடம். இடத்தில் இருப்பது சாலை. ஒன்று, ஆணை தவறு. அல்லது சாலை தவறு. ஆணை தவறாக இருக்க முடியாது, அதில் கையெழுத்து இருக்கிறது. சாலையில் யாருடைய கையெழுத்தும் இல்லை. எனவே தடத்தை 'ஆவணங்களின்படி முன்பிருந்த நிலைக்கு' கொண்டுவர உத்தரவாயிற்று.

முன்பிருந்த நிலைக்கு ஆவணம் வேண்டுமே? அலுவலகத்தில் தேடினார்கள். நீர் ஏதும் காணப்படவில்லை என்ற எட்டு ஆய்வறிக்கைகள் கிடைத்தன. அவற்றை வைத்து ஒரு குழிகூட வெட்ட முடியாது. கடைசியில் விஜயலட்சுமி ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நாகலிங்கத்தின் மனுக்கள். நாற்பத்து மூன்று குழிகள். நீளம், அகலம், ஆழம். இவ்வளவு துல்லியமான வரைவு அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே கிடையாது என்று கோவிந்தராஜ் குறிப்பெழுதினார்.

பிப்ரவரி முதல் வாரம் இயந்திரங்கள் வந்தன. நாகலிங்கம் நடுச் சாலையில் போய் நின்றார்.

"தொரை, இன்னும் மூணு வாரந்தான். புள்ள பொறந்ததும் ஒடைச்சுக்குங்க. நானே வந்து கடப்பாரை புடிக்கிறேன்."

"பெரியவரே, எனக்கு மட்டும் சந்தோஷமா? தணிக்கைக்காரன் கழுத்துல கத்தி வச்சிருக்கான். கௌரவக் காப்பாளர் நீங்களே மறிச்சா எப்படி? அவசரம்னா சொல்லுங்க, என் வண்டி இருக்கு. ரெண்டே கால் அடி ஆழம்வரைக்கும் தண்ணி மாதிரி தாண்டிடும்."

இயந்திரங்கள் இறங்கின; கான்கிரீட்டை உடைத்து, சாலையைப் பழைய மட்டத்துக்கு இறக்கி, குழிகளை வெட்டின. ஐந்தாம் நாள் குழிகளைச் சரிபார்க்க நாகலிங்கத்தை அழைத்தார்கள். அவர் போக மறுத்தார். உங்கள் அட்டவணையில் தப்பு இருப்பதாக ஓவர்சியர் சொல்கிறார் என்று ஆள் வந்து சொன்னதும் போனார்.

கோவிந்தராஜ் டேப்பை நீட்டினார். "எல்லாம் சரியா இருக்கு. ஏழாவது மட்டும் ரெண்டே கால் அடி வெட்டியிருக்கோம். நீங்க ரெண்டரைன்னு எழுதியிருக்கீங்க. எட்டு மனுவிலயும் கை தவறியிருக்கும்போல. திருத்திடுவோமா?"

நாகலிங்கம் மனுவை வாங்கிப் பார்த்தார். ஏழாம் குழிக்குள் இறங்கினார். டேப்பை வைத்தார்.

"கை தவறலை தொரை. கச்சால்ல இருபத்தெட்டு வருசம் நான் எழுதினதை ஒருத்தன் தப்புன்னு சொன்னதில்ல. ரெண்டரை அடிதான்."

"அப்ப இன்னும் கால் அடி வெட்டட்டுமா?"

"வெட்டுங்க. கணக்குன்னா கணக்குதான்."

அந்த நேரத்தில் மகளின் நினைவு வந்திருக்க வேண்டும். வந்தது, கால் அடி வெட்டி முடித்த பிறகு.

தமிழரசிக்கு வலி எடுத்தது குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முத்துராஜின் ஆட்டோ மதகில் நின்றது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. முந்தைய நாளே வந்து மேட்டில் கூடாரம் போட்டிருந்த கோவிந்தராஜ், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், துண்டோடு ஓடிவந்து வண்டியை எடுத்தார். பின்னால் தமிழரசி, ரெங்கம்மா, பக்கத்து வீட்டு சொர்ணம்மா. முன்னால் நாகலிங்கம்.

மேட்டுப் பக்கமிருந்து வந்ததால் நாற்பத்து மூன்றில் தொடங்கி, முப்பத்தாறு குழிகளை வண்டி தாண்டியது. உண்மையிலேயே தண்ணீர் மாதிரி தாண்டியது. கோவிந்தராஜ் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். ஏழாவதில் வண்டி உட்கார்ந்தது.

வின்ச் கயிற்றை மாட்டினார். வெள்ளையடித்த தென்னை ஒன்று வண்டியை நோக்கி வந்தது.

"எவ்வளவுய்யா இடிக்குது?" என்று கத்தினார் கோவிந்தராஜ்.

நாகலிங்கம் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வண்டியின் அடியில் கைவிட்டுப் பார்த்தார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை.

"ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க!" என்றாள் சொர்ணம்மா.

பெண் குழந்தை. மூன்று கிலோ இருக்கும் என்று ரெங்கம்மா கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னாள். இரண்டு கிலோ எழுநூற்றைம்பது என்றார் நாகலிங்கம். மதியம் கடல் இறங்கியபின் ஆஸ்பத்திரியில் நிறுத்தார்கள். இரண்டு கிலோ எழுநூற்றைம்பதுதான். தாயும் சேயும் நலம். குழந்தைக்குத் திவ்யா என்று பெயர் வைத்தார்கள்.

பிறப்பைப் பதிவு செய்யப் போன இடத்தில், வீட்டிலும் பிறக்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் பிறக்கவில்லை என்று விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அரசுப் பதிவேட்டில் உள்ள இடமாக இருக்க வேண்டும் என்றார்கள். நாகலிங்கம் வீட்டுக்குப் போய் ஆணையின் நகலையும், அட்டவணையையும், ஆழம் சரிபார்க்கப்பட்டதாகத் தாம் கையெழுத்திட்ட சான்றையும் எடுத்து வந்து காட்டினார். அதன்பின் தாமதம் ஏற்படவில்லை.

திவ்யாவின் சான்றிதழில், பிறந்த இடம் என்ற கட்டத்தில், 'குழி எண் 7, நாரியல் டிக்ரி' என்று இருக்கிறது.